கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (1911 - 1977) தென்னிந்திய நவீன ஓவியக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரும், புகழ்பெற்ற ஓவிய ஆசிரியரும் ஆவார். கோவலேழி சீரம்பத்தூர் சங்கரப் பணிக்கர் என்பது இவரது முழுப்பெயர். சென்னை அரசு கலை மற்றும் கைவினைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்த இவர், பின்னர் அதே பள்ளியில் ஆசிரியராகவும், 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராகவும் பணியாற்றினார். 1944 இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தையும், 1966 இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் நிறுவியவர்களுள் முதன்மையானவர் இவரே. "சொற்களும் குறியீடுகளும்" என்னும் ஓவிய வரிசை இவருக்கு நிலைத்த புகழைத் தந்தது.

பணிக்கரின் வாழ்நாள் முழுவதும் இரண்டு கேள்விகள் அவரைத் தொடர்ந்தன. ஐரோப்பியரின் நகலாக இல்லாமல் ஓர் இந்தியர் எவ்வாறு நவீன ஓவியராக இருப்பது என்பது ஒன்று. ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே இருந்த ஒரு நகரில் ஓவியர் எவ்வாறு பிழைப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அவர் தூரிகையால் விடை தேடினார். இரண்டாவதற்கு அவர் கண்ட விடை, மணலும் சவுக்கும் நிறைந்த ஒரு கடற்கரை நிலமாக இருந்தது.

இளமைக் காலம்

பணிக்கர் 1911 இல் கோயம்புத்தூரில் பிறந்தார். இவரது குடும்பத்தின் வேர்கள் மலபார்ப் பகுதியில், பொன்னானியை அடுத்த வெளியங்கோட்டில் இருந்தன. அக்காலத்தில் கோயம்புத்தூரும் மலபாரும் சென்னை மாகாணத்தின் இரு மாவட்டங்களாக இருந்தன என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். 1956 இல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோதுதான் மலபார் கேரளத்துடன் சேர்ந்தது. இவரைத் தமிழ்நாட்டு ஓவியர் என்பதா, கேரள ஓவியர் என்பதா என்று பின்னாளில் எழுந்த கேள்வி அவர் பிறந்த காலத்தில் பொருளற்றதாகவே இருந்திருக்கும்.

இளமையின் ஒரு பகுதி மலபாரில் கழிந்தது. கால்வாய்கள், தென்னந்தோப்புகள், மழை நனைத்த வயல்கள் ஆகியவை அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. பதினேழு வயதளவில் சென்னை நுண்கலைக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சிகளில் இவரது நீர்வண்ண ஓவியங்கள் இடம்பெறலாயின.

சென்னையில், அப்போது ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கிவந்த கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்தார். தந்தையின் மறைவால் படிப்பைத் தொடர இயலவில்லை. குடும்பத்தைத் தாங்கும் பொருட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். காப்பீட்டுத் துறையிலும் சிறிது காலம் பணிபுரிந்தார். ஓவியம் ஓய்வு நேரத்துக்குரியதாயிற்று. ஓவியர் ஒருவர் வயிற்றுப்பாட்டுக்காக வேறு தொழிலில் நாளைக் கழிப்பது என்ன என்பதை அவர் பட்டறிந்த காலம் இது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம் மாணவர்களுக்காக அவர் எடுத்த முயற்சியை இந்த ஆண்டுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓவியப் பள்ளியில்

1936 இல், தம் 25 ஆம் வயதில், வேலையை விட்டுவிட்டுச் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். இப்பள்ளி 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவரால் தொடங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய ஓவியப் பள்ளி இதுவே. சில ஆண்டுகளிலேயே அரசு இதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஓவியர்களை உருவாக்குவது அரசின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம், நெசவு முதலியவற்றில் தேர்ந்த கைவினைஞர்களை உருவாக்குவதே நோக்கம். 1884 இல் இதன் தலைவராகப் பொறுப்பேற்ற ஈ. பி. ஹாவெலும் தென்னிந்தியக் கைவினைகளிலேயே பெரிதும் கவனம் செலுத்தினார். இந்தக் கைவினை மரபு பணிக்கரின் கதையில் பின்னர் எதிர்பாராத ஒரு பங்கு வகிப்பதால் இங்கு குறிப்பிடப்படுகிறது.

பணிக்கர் சேர்ந்தபோது தேவி பிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் தலைவராக இருந்தார். 1929 இல் பொறுப்பேற்ற அவர் இப்பதவியை வகித்த முதல் இந்தியர் ஆவார். அபனீந்திரநாத் தாகூரின் மாணவர். ஓவியரும் சிற்பியும் ஆவார். சென்னை மெரீனா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் அவர் செய்தவையே. அவர் வங்காளப் பாணியை மாணவர்மீது திணிக்கவில்லை. உள்ளதை உள்ளவாறு பார்த்து வரையும் பயிற்சி, உடலமைப்பு அறிவு, வெளியிடங்களுக்குச் சென்று வரைதல் ஆகியவற்றையே வற்புறுத்தினார்.

கண்காட்சிகளில் ஏற்கனவே பெயர் பெற்றிருந்த பணிக்கருக்கு இப்பயிற்சி எளிதாகவே கைவந்தது. 1940 இல் படிப்பை முடித்தார். அடுத்து அங்கேயே ஆசிரியரானார். 1941 முதல் சென்னையிலும் டெல்லியிலும் தனிக் கண்காட்சிகள் நடத்தினார். இக்கால ஓவியங்கள் பெரும்பாலும் மலபாரின் நீர்நிலைகளையும் தோப்புகளையும் காட்டும் நீர்வண்ணங்கள். ஆங்கிலேய நீர்வண்ண மரபின் செல்வாக்கு அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. அழகும் தேர்ச்சியும் உடையவை என்றாலும், இவற்றோடு நின்றிருந்தால் திறமையான காட்சி ஓவியர் ஒருவர் என்ற அளவிலேயே பணிக்கர் நினைக்கப்பட்டிருப்பார்.

முற்போக்கு ஓவியர் சங்கம்

1944 இல் பணிக்கர் தம் சக ஓவியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். கல்கத்தாக் குழு 1943 இல் தோன்றியது. சூசா, ராசா, உசேன் முதலியோரின் பம்பாய் முற்போக்குக் கலைஞர் குழு 1947 இல் தோன்றியது. டெல்லி சிற்பி சக்கரம் 1949 இல் அமைந்தது. இவ்வரிசையில் சென்னைச் சங்கம் இரண்டாவதாக வருகிறது. எனினும் இந்திய நவீன ஓவியத்தைப் பற்றிய நூல்களில் பம்பாய்க் குழுவுக்குக் கிடைத்த இடத்தில் சிறு பங்குகூடச் சென்னைக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

சங்கத்தின் நோக்கம் எளிமையானது. சென்னை ஓவியர்களின் படைப்புகளைப் பிற நகரங்களுக்குக் கொண்டு செல்வது. ஒருவர் படைப்பை மற்றவர் பார்த்துப் பேசுவதற்கு ஓர் இடம் உண்டாக்குவது. அக்காலச் சென்னையில் இசைக்கும் நடனத்திற்கும் சபைகள் இருந்தன, புரவலர்கள் இருந்தனர். ஓவியத்திற்கு அத்தகைய ஆதரவு இல்லை. வீட்டில் மாட்டத் தெய்வப்பட நாட்காட்டி போதும் என்றிருந்த சமூகத்தில் புதிய ஓவியத்தைப் பார்க்கவே ஆட்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் 1961 அளவில், ஓவியம் பற்றிய கட்டுரைகளைத் தாங்கி "ஆர்ட்டிரெண்ட்ஸ்" என்னும் ஆங்கில இதழும் பணிக்கரின் முயற்சியால் வெளிவந்தது. தென்னிந்திய நவீன ஓவியத்தின் வரலாற்றை ஆராய்வோருக்கு இவ்விதழ் முக்கியமான ஆவணம் ஆகும்.

இதே ஆண்டுகளில் அவரது ஓவியமும் மாறத் தொடங்கியது. நீர்வண்ணக் காட்சிகளின் இடத்தை மனித உருவங்கள் பிடித்தன. வான் கோ, கோகன் ஆகியோரின் அழுத்தமான வண்ணங்களும் கோடுகளும் அவரை ஈர்த்தன. ஏழை எளியோர், தாயும் சேயும், புத்தர், கிறித்து ஆகிய பொருள்களை வரைந்தார். துன்பமும் கருணையும் இப்படங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

1954 ஆம் ஆண்டுப் பயணம்

1954 இல் பணிக்கர் ஐரோப்பா சென்றார். இலண்டனிலும் பாரிசிலும் அவரது கண்காட்சிகள் நடைபெற்றன. அச்சுப் படிகளாக மட்டுமே பார்த்திருந்த ஐரோப்பிய ஓவியங்களின் மூலங்களை அங்கே நேரில் கண்டார். தம் படங்களை அவற்றின் அருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பும் ஏற்பட்டது. தம்மைப் போன்றோரின் ஓவியத்தில் இந்தியா பொருளாக மட்டுமே இருக்கிறது, வரையும் முறையோ ஐரோப்பாவுடையது என்ற உண்மை அவரைத் தைத்தது. வேறொருவருடைய இலக்கணத்தில் தம் ஊர்ச் செய்தியை எழுதுவது போன்ற நிலை அது.

இச்சிக்கல் பணிக்கருக்கு மட்டும் உரியதன்று. குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகள் பலவற்றிலும் ஓவிய ஆசிரியர்கள் இதையே எதிர்கொண்டனர். பிலிப்பைன்சில் விக்டோரியோ எடாடெஸ் என்னும் ஓவியரும் ஆசிரியருமானவர், அமெரிக்காவில் பயின்று திரும்பி, 1928 இல் மணிலாவில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, ஒளி மிகுந்த நாட்டுப்புறக் காட்சிகளுக்குப் பழகியிருந்தோர் அதிர்ந்தனர். அவரும் பணிக்கரைப் போலவே தாம் வரைந்ததற்கு இணையாகத் தம்மிடம் பயின்றோராலும் நினைக்கப்படுகிறார். ஆனால் எடாடெஸ் நவீனத்தை வெளியிலிருந்து கொண்டுவந்தார். பணிக்கரோ வெளியிலிருந்து வந்த நவீனம் போதாது என்று கண்டு திரும்பினார்.

நாடு திரும்பிய பின் அவர் அஜந்தா ஓவியங்களின் கோட்டையும், தென்னிந்திய மரபின் தட்டையான வண்ணப் பரப்பையும் உற்றுநோக்கினார். 1950களின் பிற்பகுதியில் வரைந்த "தோட்டம்" வரிசைப் படங்களில் ஒளிநிழலால் திரட்சி காட்டும் முறை மெல்ல மறைகிறது. மனிதர், விலங்கு, செடி யாவும் ஒரே தளத்தில், கோட்டால் பிணைக்கப்பட்டு நிற்கின்றன.

முதல்வர் பணி

1957 இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் பள்ளியின் முதல்வரானார். பத்து ஆண்டுகள் இப்பொறுப்பில் இருந்தார். இவரது காலத்தில் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது.

ராய் சௌத்ரியின் காலத்தில் பள்ளி ஒரு பெரும் ஆளுமையின் பட்டறை போல இயங்கியது. பணிக்கரின் காலத்தில் அது விவாதக்கூடமாக மாறியது எனலாம். உள்ளதை அப்படியே வரையும் திறனைத் தொடக்கமாகவே அவர் கொண்டார், முடிவாகக் கொள்ளவில்லை. மாணவர் தம் ஊர், தம் வீடு, தம் கோயில், தம் கைத்தொழில் ஆகியவற்றிலிருந்து ஓவிய மொழியைக் கண்டெடுக்க வேண்டும் என எதிர்பார்த்தார். கோடுதான் தென்னாட்டுக் கலையின் உயிர் என்ற எண்ணம் இங்கு வலுப்பெற்றது. வாசலில் போடும் கோலம், கோயிற் சுவரோவியம், எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகள் எல்லாம் பாடப்பொருள்கள் ஆயின. அருங்காட்சியகம் கல்லூரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தது மாணவர்களின் நற்பேறு.

இப்பணியில் அவர் தனியாக நிற்கவில்லை. சிற்பி எஸ். தனபால் அவருக்கு இணையான ஆசிரியராக விளங்கினார். பிற்காலத்தில் கல்லூரியின் முதல்வரும் ஆனார். எல். முனுசாமி, திருவண்ணாமலையில் பிறந்த ஏ. பி. சந்தானராஜ் ஆகியோரும் ஆசிரியர்களாக இருந்து ஒரு தலைமுறையை உருவாக்கினர். பிற்காலத்தில் சென்னை இயக்கம் என்று அழைக்கப்பட்ட போக்கு இந்த ஆசிரியர்களின் கூட்டு உழைப்பால் விளைந்தது. இதனைப் பணிக்கர் ஒருவருக்கே உரியதாக்கி எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது தனபாலுக்கும் சந்தானராஜுக்கும் நியாயம் செய்வதாகாது.

அக்கால மாணவர் பட்டியல் நீளமானது. துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலம், ஆர். பி. பாஸ்கரன், உலோகத் தகட்டில் சிற்பம் செய்த பி. வி. ஜானகிராம், கே. வி. ஹரிதாசன், எஸ். ஜி. வாசுதேவ், வி. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் ஆகியோர் அவர்களுள் சிலர். கேரளத்தின் எம். வி. தேவன், பத்திரிகை ஓவியத்தில் பெரும்பெயர் பெற்ற நம்பூதிரி ஆகியோர் இதற்கு முன்பே, பணிக்கர் ஆசிரியராக இருந்த காலத்தில், அங்கு பயின்றவர்கள். தமிழ் வாசகர்கள் பலர் இந்தப் பள்ளியின் கோட்டை ஓவியக் கூடத்தில் பார்த்ததில்லை, புத்தகத்தில்தான் பார்த்தனர். 1970களில் கசடதபற முதலிய சிற்றிதழ்களில் வந்த கோட்டோவியங்களும், கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு ஆதிமூலம் வரைந்த படங்களும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

மாணவரைத் தேர்ந்து கொள்வதில் விதிகளை விட மனிதரைப் பார்த்தார் பணிக்கர். கே. இராமானுஜம் என்னும் இளைஞர் பேச்சுத் தடையும் மனநோயும் உடையவர். வழக்கமான அளவுகோல்களில் தேறக்கூடியவர் அல்லர். பணிக்கர் அவருக்குப் பள்ளியிலும் பின்னர் சோழமண்டலத்திலும் இடம் தந்தார். மாளிகைகளும் மாயவிலங்குகளும் நெருங்கிய இராமானுஜத்தின் கனவுலகப் படங்கள் இந்திய ஓவியத்தில் ஈடற்றவை. 1973 இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடைக்கலம் தரலாம், நோயைத் தடுக்க முடியாது என்பதை அந்தக் கிராமம் கண்ட நாள் அது.

சொற்களும் குறியீடுகளும்

1963 இல் பணிக்கரின் ஓவியத்தில் மிகப் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டின் பக்கத்தைக் கண்டதிலிருந்து இது தொடங்கியதாகக் கூறுவர். எண்கள், சமன்பாடுகள், அடித்தல் திருத்தல்கள் நிறைந்த அப்பக்கம், அதன் பொருளை மறந்து பார்த்தால், ஓர் ஓவியம் போலத் தோன்றியதாம். ஐம்பது வயதைக் கடந்து, முதல்வர் பதவியில் இருந்த ஒருவர், தமக்குப் பெயர் வாங்கித் தந்த உருவ ஓவியத்தைக் கைவிட்டு இப்புதிய வழியில் இறங்கினார்.

இவ்வரிசைப் படங்களில் மலையாள எழுத்தை ஒத்த குறிகள், கணிதக் குறியீடுகள், சாதகக் கட்டங்கள், தாந்திரிக வரைபடங்கள், இடையிடையே பறவை, மீன், பாம்பு, மனித முகம் போன்ற சிறு உருவங்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. பின்புலம் பெரும்பாலும் பழைய ஓலைச்சுவடியையோ மங்கிய காகிதத்தையோ நினைவூட்டும் நிறம். எழுத்துகள் படிக்கத்தக்கன போலத் தோன்றும். படிக்க முயன்றால் சொல் கிடைக்காது. மலையாளம் அறிந்தவரை இது இன்னும் அதிகமாக ஏமாற்றும். எழுத்தைப் பொருளிலிருந்து விடுவித்து, அதன் உருவத்தை மட்டும் நிறுத்துவதே ஓவியரின் நோக்கம்.

தமிழ்நாட்டு வாசகர் இதனைப் புரிந்துகொள்ள அருகிலேயே ஓர் ஒப்புமை உண்டு. இண்டூர் முதலிய ஊர்களைக் கொண்ட தருமபுரி மாவட்டத்தில் பழைய நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஒரே கல்லில் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவமும், அதைச் சூழ வட்டெழுத்துகளும் இருக்கும். வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இன்று மிகச் சிலரே. ஆயினும் அந்தக் கல்லின் முன் நிற்பவருக்கு எழுத்தும் உருவமும் சேர்ந்து ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. பணிக்கர் இக்கற்களிலிருந்து எடுத்தார் என்று கூற வரவில்லை. அவர் கையாண்ட இயல்பு, அதாவது படிக்க இயலாத எழுத்துக்கும் இருக்கும் மதிப்பு, இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதே இங்கு கருத்து. சோதிடரின் கட்டமும் மந்திரத் தகடும் இதே வகையைச் சேர்ந்தவை.

இப்படங்களைப் புதிய தாந்திரிக ஓவியம் என்ற தலைப்பில் அடக்குவோர் உண்டு. ஹரிதாசன் போன்றோரின் படைப்புக்கு அப்பெயர் பொருந்தும். பணிக்கருக்கு அது அரைகுறையாகவே பொருந்துகிறது. அவர் யந்திரத்தை வழிபாட்டுக்காக எடுக்கவில்லை. கணக்கு நோட்டையும் யந்திரத்தையும் ஒரே மதிப்பில் வைத்தார். பால் கிளே, மிரோ ஆகிய ஐரோப்பிய ஓவியர்களும் குறியீடுகளைக் கையாண்டவர்களே. அவர்களது செல்வாக்கு இப்படங்களில் இல்லை என்று கூற இயலாது. ஆனால் 1954 இல் அவரைத் தைத்த கேள்விக்கு இங்கேதான் அவர் தமக்கு நிறைவான விடையை எட்டினார். இறக்கும் வரை இவ்வரிசையையே தொடர்ந்தார்.

சோழமண்டலம் ஓவியர் கிராமம்

கல்லூரியில் ஆண்டுதோறும் தேறி வெளியேறிய மாணவருக்கு முன்னால் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் வேலை. மற்றொன்று விளம்பர நிறுவனம், திரைப்படம், நெசவு வடிவமைப்பு போன்ற துறைகள். ஐந்தாறு ஆண்டுகள் கற்றபின் பெரும்பாலோர் வரைவதையே நிறுத்திவிட்டனர். இது ஆசிரியரான பணிக்கரை வருத்தியது.

கைவினையை வைத்தே ஓவியத்தைக் காப்பது என்னும் எண்ணம் இங்கிருந்து பிறந்தது. மெழுகிட்டுச் சாயம் ஏற்றித் துணியில் வடிவங்களை உண்டாக்கும் பத்திக் வேலையை மாணவர்களும் இளம் ஓவியர்களும் செய்யலாயினர். 1960களின் தொடக்கத்தில் ஓவியர் கைவினைச் சங்கம் அமைக்கப்பட்டது. பத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் கண்காட்சிகளில் நன்கு விற்றன. கைவினைஞரை உருவாக்க ஆங்கிலேயர் தொடங்கிய பள்ளியில், அக்கைவினையே நவீன ஓவியருக்கு நிலம் வாங்கித் தந்தது. ஹண்டரும் ஹாவெலும் எண்ணிப் பார்த்திராத திருப்பம் இது.

சேர்ந்த பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில், மாமல்லபுரம் செல்லும் வழியில், கடலோரமாகச் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியரும் சிற்பியரும் இம்முயற்சியில் பங்கு கொண்டனர். 1966 இல் கிராமம் தொடங்கப்பெற்றது. சோழமண்டலக் கடற்கரையில் அமைந்ததால் அப்பெயரே இடப்பட்டது. ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் எனத் திரிந்த சொல்லை அதன் மூல வடிவில் மீட்டது அந்தப் பெயர். பணிக்கரின் ஓவிய முயற்சிக்கும் இது பொருந்தும்.

தொடக்க ஆண்டுகள் எளிதாக இருக்கவில்லை. நகரிலிருந்து விலகிய மணற்பரப்பு அது. இளம் ஓவியர்கள் சிறு குடில்களைத் தாமே எழுப்பிக்கொண்டு குடியேறினர். நாளின் ஒரு பகுதியில் கைவினை வேலை செய்து செலவுக்குப் பொருள் ஈட்டுவது, எஞ்சிய நேரத்தைத் தம் சொந்தப் படைப்புக்குச் செலவிடுவது என்பது நடைமுறை. அரசின் மானியத்தையோ ஒரு செல்வரின் கொடையையோ நம்பாமல் ஓவியரே சேர்ந்து நடத்தியது இக்கிராமத்தின் தனிச்சிறப்பு. 1967 இல் முதல்வர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற பணிக்கர் தாமும் இங்கேயே தங்கி வரைந்தார். ஜே. சுல்தான் அலி, எம். ரெட்டப்ப நாயுடு போன்ற மூத்த ஓவியர்களும் இக்கிராமத்தோடு இணைந்திருந்தனர்.

மாற்றுக் கருத்துகள்

பணிக்கரின் வழியைக் குறித்து மறுப்புகளும் எழுந்தன. எழுத்தைப் பொருள் நீக்கிப் பயன்படுத்தும்போது அது வெறும் அலங்காரமாகிவிடுகிறது என்று சிலர் கருதினர். அவருக்குப் பின் வந்தோர் சிலரது படங்களில் இக்குறை உண்மையாகவே காணப்படுகிறது. ஆசிரியரின் தேடல் மாணவரிடம் வாய்பாடாக மாறிவிடுவது ஓவியத்துக்கு மட்டும் நேர்வதன்று. தென்னாட்டுக்கென ஒரு தனி ஓவிய அடையாளம் வேண்டும் என்பது ஓவியரைக் கட்டுப்படுத்தும் என்ற கருத்தும் இருந்தது.

சோழமண்டலத்தைப் பற்றியும் இருவேறு மதிப்பீடுகள் உண்டு. பிழைப்புக்காக எடுத்த கைவினை ஓவியத்துக்கான நேரத்தை விழுங்கியது என்பது ஒரு குறை. நகரத்திலிருந்தும் பொதுமக்களிடமிருந்தும் விலகிய சிறு குழுவாக அது நின்றுவிட்டது என்பது மற்றொன்று. தொடக்கத்தில் சேர்ந்தோருள் சிலர் காலப்போக்கில் வெளியேறினர். விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் 1960களின் பிற்பகுதியில் பாரிசில் குடியேறினர். வாசுதேவ் பின்னாளில் பெங்களூருக்குச் சென்றார். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், இந்தியாவில் ஓவியரே தொடங்கி ஓவியரே நடத்திய குடியிருப்புகளில் அரை நூற்றாண்டைக் கடந்து நிலைத்தது வேறொன்றைக் காட்டுவது கடினம்.

தமிழ் வாசகரைப் பொறுத்தவரை வேறொரு குறையைச் சொல்ல வேண்டும். பணிக்கரும் அவரைச் சூழ்ந்தோரும் ஓவியத்தைப் பற்றி எழுதியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. விமர்சகர் ஜோசப் ஜேம்ஸ் தொகுத்த சோழமண்டலம் பற்றிய நூலும் ஆங்கிலத்திலேயே வந்தது. சென்னையில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றிய ஒருவரைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதப்படாததால், பள்ளி மாணவர் ரவி வர்மாவை அறிந்த அளவுக்குப் பணிக்கரை அறிவதில்லை.

மறைவும் அதன் பின்னரும்

1976 இல் புதுடெல்லி லலித் கலா அகாதமி இவரைத் தன் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்து சிறப்பித்தது. அடுத்த ஆண்டு சனவரியில் பணிக்கர் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 65.

பணிக்கரின் ஓவியங்கள் கணிசமான எண்ணிக்கையில் கேரள அரசிடம் சேர்ந்தன. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் இவர் பெயரில் அமைந்த கூடத்தில் அவை வைக்கப்பட்டுள்ளன. நீர்வண்ணக் காட்சிகள் முதல் சொற்களும் குறியீடுகளும் வரை அவரது எல்லாக் காலகட்டங்களையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புவோர் அங்கு செல்ல வேண்டும். புதுடெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் இவரது படைப்புகள் உள்ளன.

இவருடைய மகன் எஸ். நந்தகோபால் (1946 - 2017) புகழ்பெற்ற உலோகச் சிற்பி ஆவார். தந்தையின் ஓவியங்களில் இருந்த கோடும் குறியீடும் மகனின் செம்பு, பித்தளைச் சிற்பங்களில் வேறு வடிவில் தொடர்ந்தன. அவர் நெடுங்காலம் சோழமண்டலத்தின் பொறுப்பை ஏற்று நடத்தினார். 2009 இல் அங்கே சென்னை இயக்கத்தைச் சேர்ந்த ஓவியர், சிற்பியரின் படைப்புகளுக்கென நிலையான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பணிக்கர் வாங்கியபோது சவுக்கும் மணலுமாக இருந்த அந்தக் கடலோரம் இதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பரபரப்பான புறநகராகிவிட்டது. சுற்றிலும் எழுந்த கட்டடங்களுக்கு நடுவே மரங்கள் அடர்ந்த நிலமாக எஞ்சியிருப்பது ஓவியர் கிராமமே.